சுருக்குப்பையில் ஒன்பது நோட்டு

கும்பகோணம்
18.2.2025

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. பேரனுக்குப் பல் முளைத்த சேதியில் ஆரம்பித்து உன் முழங்கால் வலி வரைக்கும் ரெண்டு தரம் படித்தேன். கடைசியில் நீ கேட்டிருந்தாயே, அதற்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன். 2019-ல் உன் தம்பி மகள் கல்யாணத்துக்கு வந்தபோது மொய்க்கு எடுத்துவைத்ததில் மிஞ்சிய ஐந்து இரண்டாயிரம் ரூபாய் நோட்டு, பழைய கைப்பைக்குள் கிடந்தது என்றும், சிங்கப்பூரில் பணம் மாற்றுகிற கடைக்காரர் பார்த்தவுடனே வேண்டாம் என்று தள்ளிவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். தூக்கிப் போட்டுவிடாதேடீ. அது பணம்தான். இதே வேலைக்காகத்தான் நானும் போன மாதம் அலைந்தேன்.

எங்கள் அத்தை, இவருடைய அம்மா, ஐப்பசியில் போய்ச் சேர்ந்ததைத்தான் போனிலேயே சொன்னேனே. போகிக்கு வீடு ஒழித்தபோது அவர் மரப்பெட்டியை நான்தான் திறந்தேன். ரெண்டு நூல்புடவை, ஒரு பாக்குவெட்டி, அடியில் வெற்றிலைச் சுருக்குப்பை. பையின் உள்மடிப்பைக் கையால் தைத்து மூடியிருந்தார். தையலைப் பிரித்தால் சின்னச் சின்னச் சதுரமாக எட்டாய் மடித்த காகிதம். ஒன்பது இரண்டாயிரம் ரூபாய் நோட்டு. சுண்ணாம்பு பட்டு ரெண்டு மூன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளங்கையால் நீவினேன். மடித்த இடத்தில் அந்த மங்கள்யான் படம் வெளுத்துப்போய்விட்டது. வெற்றிலையும் புகையிலையும் கலந்த அவர் வாசனை அப்படியே இருந்தது. வெகுநேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கொல்லைத் தேங்காய் விற்று, கீற்று முடைந்து, துடைப்பக்குச்சி சீவிக் கட்டி, அஞ்சும் பத்துமாய்ச் சேர்த்த சிறுவாடு அது. சில்லறை நிறைந்ததும் மளிகைக் கடையில் கொடுத்துப் பெரிய நோட்டாக மாற்றிக்கொள்வார் போலிருக்கிறது. மறைத்துவைக்கப் பெரிய நோட்டுதானே தோது.

நம்ம ஊர் வங்கி ஒன்றில் கொண்டுபோய்க் காட்டினேன். கவுண்டரில் இருந்தவர், "இதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சும்மா, செல்லாது" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். அது தப்பு. 2023 மே 19-ம் தேதி ரிசர்வ் வங்கி சொன்னது, இந்த நோட்டைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுகிறோம் என்பதுதான். சட்டப்படி அது இன்றைக்கும் செல்லும். மற்ற வங்கிகளில் மாற்றுவதற்குத்தான் அந்த வருஷம் அக்டோபர் 7-ஓடு கெடு முடிந்தது. அதற்குப் பிறகு நாடு முழுக்க ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில் மட்டும் வாங்குகிறார்கள். "இங்கே முடியாது, சென்னைக்குப் போங்க" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் பேச்சைக் கேட்டு எத்தனை வயசானவர்கள் அப்படியே திரும்பிப் போயிருப்பார்களோ!

அத்தை ஏன் 2023-லேயே எடுத்துக் கொடுக்கவில்லை என்று எங்க வீட்டுக்காரர் கேட்டார். எனக்குக் காரணம் தெரியும். 2016 நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்கு, பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று டி.வி.யில் அறிவித்தார்களே, அதற்கு மறுநாள் விடிகாலையில் அத்தை என்னை மாட்டுக்கொட்டகைக்குக் கூப்பிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து முப்பத்தொரு ஐந்நூறு ரூபாய் நோட்டை என் கையில் வைத்தார். "அவன்கிட்ட சொல்லாம மாத்த முடியுமாடி?" என்றார். எனக்கு வழி தெரியவில்லை, இவரிடமே கொடுத்துவிட்டேன். இவர் தன் கணக்கில் போட்டார். அது சம்பா நட்டிருந்த நேரம். நடவாளுக்கும் களையெடுத்தவர்களுக்கும் கொடுக்கச் சில்லறை இல்லை. மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று 14-ம் தேதியே உத்தரவு வந்துவிட்டது. நம்ம பக்கத்து விவசாயிக்கு வேறு எந்த வங்கி பழக்கம், சொல்லு? அந்த வருஷம் மழையும் பொய்த்துப் பயிர் கருகியது. அத்தை பணம் உரத்துக்கும் கூலிக்கும் போனது போனதுதான். இவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் "அது அத்தை காசு, அறுப்பு முடிஞ்சதும் திருப்பிக் கொடுங்க" என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது என் நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவர் பையைத் தைத்து மூடியிருக்கிறார். என்னிடமும் சொல்லவில்லை.

இந்தத் தடவை இவர், கருமாதிக் கடனில் கழித்துக்கொள்ளலாம் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "உங்க அம்மா உங்ககிட்ட கொடுக்கணும்னு நினைச்சிருந்தா தைச்சு மூடியிருக்க மாட்டாங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் உழவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

சென்னையில் சின்ன நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு, எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். ராஜாஜி சாலையில்தான் ரிசர்வ் வங்கி. வாசலுக்கு முன்னால் ஒருவர் நெருங்கி வந்து, "நானே மாத்தித் தர்றேன், நூத்துக்குப் பத்து ரூபா கொடுங்க" என்றார். நீ வரும்போதும் யாராவது அப்படிக் கேட்டால் நின்று பேசாதே. உள்ளே படிவம், ஆதார் நகல், அவ்வளவுதான். ஒரு தடவைக்கு இருபதாயிரம் வரை கையில் மாற்றித் தருகிறார்கள், எங்களுடையது பதினெட்டாயிரம்தானே. கவுண்டரில் இருந்த பெண் சுண்ணாம்புக் கறையைப் பார்த்துவிட்டு, "வெத்தல போடுறவங்களா?" என்று கேட்டாள். நாத்தனாருக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. முப்பத்தாறு ஐந்நூறு ரூபாய் நோட்டு கொடுத்தார்கள். ரெண்டு நாத்தனார்களுக்கும் ஆளுக்குப் பதினெட்டு. பெரியவளுக்கு மன்னார்குடிக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது உங்க தாத்தாவின் தகரப்பெட்டிதான் ஞாபகம் வந்தது. மலாயாவிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கியபோது கொண்டுவந்தாரே, யுத்தத்தில் மலாயாவைப் பிடித்துவைத்திருந்த ஜப்பான்காரன் அடித்துவிட்ட, வாழைமரம் போட்ட நோட்டு. அதைத் திண்ணையில் பரப்பிவைத்து நாம் மளிகைக் கடை விளையாடினோம். தாத்தா பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். மூன்றரை வருஷம் ரப்பர் தோட்டத்தில் உழைத்த கூலி, 1945-ல் ஜப்பான் தோற்றதும் வெறும் காகிதமாகிவிட்டது என்று அப்போது நமக்கு எங்கே தெரிந்தது?

சரி, உன் காரியத்துக்கு வருகிறேன். நீ வழக்கம்போலத் திருச்சியில் இறங்கினால் அங்கே மாற்ற முடியாது. நம்ம மாநிலத்தில் சென்னை ஒன்றுதான். அலைய முடியாது என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தியாவுக்குள் எந்தத் தபால் ஆபீஸிலிருந்தும் ரிசர்வ் வங்கிக்கு அனுப்பலாம், உன் வங்கிக் கணக்கிலேயே வரவு வைத்துவிடுவார்கள். உங்க அப்பா போட்டுக்கொடுத்த கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார். பாஸ்புக், அடையாள அட்டை நகல் வேண்டும். இன்ஷூர் செய்து அனுப்பலாம், நானே தலைமைத் தபால் ஆபீஸுக்குக் கூட வருகிறேன். சிங்கப்பூரிலிருந்து கவரில் வைத்து மட்டும் அனுப்பிவிடாதே. கையோடு கொண்டு வா. ஒரு ஆள் இருபத்தையாயிரம் ரூபாய் வரை கொண்டுவரலாம், உன்னிடம் பத்தாயிரம்தானே. மகாமகத்துக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே, அதற்கு 2028 ஆகணும். அதுவரைக்கும் இந்த ஏற்பாடு இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

இங்கே அறுப்பு முடிந்தது. கடைசியில் பெய்த மழையில் நெல் நனைந்து, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழுக்கு மேல் என்று நாலு நாள் காயப்போட வைத்தார்கள். இப்போது உளுந்து தெளித்திருக்கிறோம்.

சித்திரையில் வருவதானால் தேதியை உடனே எழுது. உழவனில் கீழ்ப்படுக்கை வேண்டுமென்றால் முன்கூட்டியே போடணும், உன் முழங்காலுக்கு மேல்படுக்கை ஆகாது.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழி