தம்பி தனியாப் போய் குளம் பாத்திட்டு வந்த ஊர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

கொஞ்ச நாளைக்கு முன்னம் உங்கட பேப்பரில ஒரு வாசகர் எழுதியிருந்தார், வெளிநாடு போய் வாற எங்கட சனம் அங்கத்தைய பெரிய கட்டடத்தையும் கடையளையும் பாத்து மயங்கிப்போய் வந்து ஊரைக் குறை சொல்லுகினம் எண்டு. அப்பிடி ஆக்கள் இல்லையெண்டு நான் சொல்ல வரேல்ல. ஆனா நானும் இந்த வருசம் சிங்கப்பூரில மூண்டு கிழமை நிண்டிட்டு வந்தனான், அந்த ஊரில மனம் ஒட்டிப்போச்சு, வந்து இவ்வளவு நாளாகியும் விடுகுதில்லை, அது கட்டடம் பாத்து வந்த மயக்கமில்லை ஐயா. ஏனெண்டு எழுதவேணும் எழுதவேணும் எண்டு நினைச்சு இண்டைக்குத்தான் குந்தியிருந்து எழுதுறன், நீண்டுபோனா நீங்கள் வெட்டிப் போடுங்கோ.

எனக்கு ஊர் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சி. என்னோட வந்தது என்ர தம்பி. 2009 மாசி மாசம் ஷெல் விழுந்து அவனுக்கு வலது கால் முழங்காலுக்கு மேல போட்டுது. அதுக்கு முதல் மேசன் வேலை, சாரம் ஏறி நிண்டு கட்டின ஆள். பொய்க்கால் இருக்குது, ஆனா எங்கட வெயிலுக்கு அரை மணித்தியாலம் நடந்தாலே வேர்வையில ஊறி தோல் உரிஞ்சுபோகும், பிறகு ஒரு கிழமைக்குப் போடேலாது, அதால வெளிக்கிடுறதெண்டா வீல்செயர்தான். எங்கட பக்கம் இப்பிடி எத்தினை வீட்டில இருக்கினம் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தங்கச்சியின்ர மகள் அங்க கணக்காளரா வேலை செய்யிறாள், பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள், பெரியம்மாவும் மாமாவும் கட்டாயம் வரவேணும் எண்டு ஒரே பிடியா நிண்டாள். தம்பி மாட்டன் எண்டிட்டான். "நான் வந்து உங்களுக்குத்தான் கரைச்சல், நீங்கள் போட்டு வாங்கோ அக்கா" எண்டு அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னான். கலியாண வீடு, செத்த வீடு எல்லாத்துக்கும் இந்தப் பதினாறு பதினேழு வருசமா அவன் சொல்லுற சொல்லு இதுதான். கடைசியில பிள்ளையின்ர படத்தைப் பாத்துத்தான் இறங்கி வந்தவன்.

கட்டுநாயக்காவில ஏறினா நாலு மணித்தியாலத்தில சாங்கி. ஏர்போட்டில வீல்செயர் தள்ள ஆள் வருவினம், அது எல்லா நாட்டிலயும் நடக்கிறதுதான். என்ர கதை அடுத்த நாள் காலமை பஸ் தரிப்பிடத்தில தொடங்குது.

தங்கச்சியின்ர மகளின்ர வீடு தோ பாயோ எண்ட இடத்தில, அரசாங்கம் கட்டின அடுக்குமாடி வீடு. அந்த நாட்டுச் சனத்தில நூற்றுக்கு எண்பது பேர் அளவில இப்பிடி அரசாங்கம் கட்டின வீடுகளிலதான் இருக்கினம். நாங்கள் பஸ்ஸுக்கு நிக்கிறம், நான் வழமை மாதிரி சுத்திவரப் பாக்கிறன், தூக்கி ஏத்த ஆர் ரெண்டு பேரைக் கேக்கலாம் எண்டு. இஞ்ச அப்பிடித்தானே செய்யிறனாங்கள், கமக்கட்டுக்குள்ள கையைக் குடுத்து ரெண்டு பேர் தூக்க, கொண்டக்ரர் கெதியா கெதியா எண்ண, உள்ள இருக்கிற அம்மாமார் "பாவம்" எண்ண, தம்பி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பான். அங்க பஸ் வந்து நிண்டுது, படி இல்லை, நிலத்தோட ஒட்டின மாதிரித் தட்டு, றைவர் இறங்கி வந்தார், வயசான சீன மனுசன், நடுக்கதவடியில மடிச்சுக் கிடந்த பலகை ஒண்டை இழுத்து ரோட்டுக்கரையில விரிச்சார், தம்பியைத் தள்ளிக் கொண்டுபோய் வீல்செயருக்கெண்டு விட்டிருக்கிற இடத்தில விட்டார், எங்க இறங்கப் போறீங்கள் எண்டு கேட்டார், பலகையை மடிச்சுப்போட்டுப் போய் இருந்து பஸ்ஸை எடுத்தார். அவ்வளவும்தான். ஒரு சனமும் திரும்பிப் பாக்கேல்ல. ஒருத்தரும் பாவம் எண்டு சொல்லேல்ல. எனக்கு அந்த இடத்தில கண் கலங்கிப்போச்சு, தம்பி யன்னலால வெளிய பாத்துக்கொண்டிருந்தவன், இந்த முறை வெளியில இருக்கிறதைப் பாக்கிறதுக்காகத்தான் பாத்தவன்.

பேந்து நான் கவனிக்கத் தொடங்கினன். றெயின் ஸ்ரேசன் எல்லாத்திலயும் லிப்ற். நடைபாதை ரோட்டைத் தொடுற இடமெல்லாம் சரிவாத் தாழ்த்தி விட்டிருக்கினம், கண் தெரியாத ஆக்கள் காலால தடவிப் போக நிலத்தில மேடு மேடா ஓடு பதிச்சிருக்கு. ரோட்டுக் கடவையில ஒரு கிழவி தன்ர அட்டையைத் தூணில தட்டினா, ஏனெண்டு தங்கச்சியின்ர மகளைக் கேட்டன், வயசான ஆக்களும் ஏலாத ஆக்களும் அப்பிடித் தட்டினா பச்சை மனுசன் கூட நேரம் நிக்குமாம், கிழவி ஆறுதலா நடந்து முடிக்குமட்டும் வாகனமெல்லாம் நிண்டுது. எப்ப இது வந்ததெண்டு கேக்க 2009இல தொடங்கினதெண்டு சொன்னாள். அந்த வருசத்தைக் கேட்டதும் நான் ஒண்டும் கதைக்கேல்ல.

நடந்து போற ஆக்களை அந்த ஊர் மதிக்குது ஐயா. எங்கட வெயில்தான் அங்கயும், பூமத்திய ரேகைக்குக் கிட்ட, மழையும் நினைச்ச நேரத்தில ஊத்தும். அதுக்கு அவை செய்திருக்கிறது கூரை போட்ட நடைபாதை. வீட்டில இருந்து பஸ் தரிப்பிடம், பஸ் தரிப்பிடத்தில இருந்து ஸ்ரேசன், ஸ்ரேசனில இருந்து மாக்கெற், குடை விரிக்காமலே போகலாம். 2013இல ஒரு திட்டம் தொடங்கி அஞ்சு வருசத்தில 200 கிலோமீற்றர் அளவில இப்பிடிக் கூரை போட்டவையாம். கூரை இல்லாத இடத்தில மரம். ரோட்டின்ர ரெண்டு பக்கத்தாலயும் கிளை விரிச்சு நடுவில வந்து முட்டுற பெரிய மரங்கள், மழைமரம் எண்டு சொல்லுகினம், மழை வரப்போகேக்கயும் பொழுதுபட்டாலும் இலையை மூடிக்கொள்ளும். 1963இல அப்பத்தைய பிரதமர் லீ குவான் இயூ தன்ர கையால ஒரு மரத்தை நட்டுத் தொடக்கி வைச்ச வேலை அது. அண்டைக்கு நட்டவைதான் இண்டைக்கு வெயிலில நடக்கிற பிள்ளையளுக்கு நிழல். கண்டி றோட்டில பத்து மணி வெயிலுக்க பஸ்ஸுக்கு நிக்கிற எங்கட பள்ளிக்கூடப் பிள்ளையளை நினைக்காமல் எனக்கு அந்த மரங்களைப் பாக்க முடியேல்ல.

தமிழைப் பற்றியும் சொல்லத்தான் வேணும். மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் எண்டு நாலும் அங்க ஆட்சிமொழி. காசுத் தாளில சிங்கப்பூர் எண்டு தமிழில கிடக்கு. கட்டட வேலை நடக்கிற வேலியில அபாயம் எண்டு தமிழில எழுதித் தொங்குது. தமிழ் முரசு எண்டு 1935இல தொடங்கின பேப்பர் இன்னும் வருது. கட்டோங் பக்கம் சிலோன் ரோட்டில செண்பக விநாயகர் கோயிலுக்குப் போனாங்கள், அந்தக் காலத்தில யாழ்ப்பாணத்தில இருந்து றெயில்வேக்கும் கந்தோர் வேலைக்கும் போன எங்கட ஆக்கள் வளத்த கோயில். அந்த நாட்டின்ர முதலாவது வெளிநாட்டு அமைச்சர் ராஜரத்தினம் பிறந்தது வட்டுக்கோட்டையில எண்டதும், பள்ளிக்கூடப் பிள்ளையள் சொல்லுற உறுதிமொழியை 1966இல எழுதினது அவர்தான் எண்டதும் எங்கட பிள்ளையள் எத்தினை பேருக்குத் தெரியுமோ. எனக்கு ஆங்கிலம் அரைகுறைதான், ஆனா அந்த மூண்டு கிழமையும் வாய் திறக்கப் பயந்து நிண்டதில்லை.

இனித் தம்பியின்ர கதை. முதல் கிழமை எங்களோடதான் வெளிக்கிட்டவன். வீட்டுக்குக் கீழ, அந்த அடுக்குமாடியளில நிலத்தட்டில வீடு கட்டாமல் வெறுமனே திறந்து விட்டிருப்பினம், சனம் வந்து இருக்கிறதும் கலியாணம் செய்யிறதும் செத்தா கிடத்துறதும் அதுக்குள்ளதான், அங்க போய் இருந்து கிழவன்மார் சதுரங்கம் மாதிரி ஒண்டு விளையாடுறதைப் பாத்துக்கொண்டிருப்பான். பிறகு தனிய சாப்பாட்டுக் கடைக்குப் போகத் தொடங்கினான். ஒரு பெரிய கூரைக்குக் கீழ சீனக்கடை, மலாய்க்கடை, எங்கட தோசைக்கடை எல்லாம் வரிசையா இருக்கும், மேசை எல்லாருக்கும் பொது, சாப்பிட்டு முடிய தட்டத்தை அவையவைதான் கொண்டுபோய் வைக்கவேணும். 2020இல யுனெஸ்கோ அந்தச் சாப்பாட்டுக்கடைப் பழக்கத்தைப் பாரம்பரியமெண்டு பதிஞ்சிருக்கு. இஞ்சித் தேத்தண்ணி ஒண்டு வாங்கி வைச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தாலும் எழும்பச் சொல்ல ஆளில்லை. ரெண்டாங்கிழமை ஒரு நாள் பின்னேரம் ஆளைக் காணேல்ல. சாப்பாட்டுக் கடையிலயும் இல்லை. நான் பதறிப்போய் தங்கச்சியின்ர மகளுக்குப் போன் எடுத்து, அவள் வேலையால ஓடி வந்து, ரெண்டு பேரும் கீழ நிண்டு என்ன செய்யிறதெண்டு கதைச்சுக்கொண்டு நிக்க, ஆறரை மணிபோல பஸ்ஸில இருந்து பலகை விரியுது, இவர் இறங்கி வாறார்.

"எங்கயடா போனனி?" எண்டு கத்திப்போட்டன்.

"குளம் பாக்கப் போனனான் அக்கா" எண்டான்.

மெக்ரிச்சி எண்டொரு நீர்த்தேக்கம் அந்தப் பக்கம் இருக்குது, 1868இல கட்டினது, அந்த ஊரில ஆகப் பழையது. பஸ்ஸில ஏறி, இறங்கி, கரையால தள்ளிக்கொண்டு போய், தண்ணியைப் பாத்துக்கொண்டு இருந்திட்டு வந்திருக்கிறான். எங்கட இரணைமடுக் குளக்கட்டில நிண்டு பாக்கிற மாதிரி அகலம் இல்லையாம், ஆனா சுத்திவரக் காடாம், குரங்கு நிக்குதாம், தண்ணி வடிவாம். இரவு சாப்பிடேக்கயும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ஐயா, இரணைமடு எங்கட வீட்டில இருந்து எவ்வளவு தூரம்? எங்கட குளத்தைத் தன்ர எண்ணத்துக்குத் தனியாப் போய்ப் பாக்க ஏலாத ஒருத்தன் கடல் கடந்து போய் ஆரின்ரயோ குளத்தைத் தனியாப் பாத்திட்டு வந்தான். எனக்கு அந்த ஊரில மனம் போனது அண்டைக்கு.

அவை பணக்காரர், எங்களிட்ட என்ன இருக்கு எண்டு ஆக்கள் சொல்லுவினம். அவையும் ஒரே நாளில இப்பிடி வந்தவை இல்லை. 1961இல புக்கிட் ஹோ சுவீ எண்ட குடிசைப் பகுதி எரிஞ்சு 16,000 பேர் அளவில வீடில்லாமல் நிண்டவை, அந்தச் சனத்துக்கு வீடு கட்டின வேகத்திலதான் அவையின்ர வீட்டுத்திட்டமே பெருத்தது. முதலாவது றெயின் 1987இல தோ பாயோ வரைக்கும்தான் ஓடினது, அப்ப எல்லா ஸ்ரேசனிலயும் லிப்ற் இல்லை, பிறகு இடிச்சு உடைச்சுப் பூட்டினவை. அடுக்குமாடியளிலயும் முந்தி லிப்ற் எல்லாத் தட்டிலயும் நிக்காது, 2001இல இருந்துதான் ஒவ்வொண்டா மாத்திக்கொண்டு வந்தவை. பிழையாக் கட்டினதைப் பிழை எண்டு ஒத்துக்கொண்டு திருத்தியிருக்கினம், அதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது. இடமும் அவைக்குக் குறைவு. அந்த நாடு முழுக்கச் சேத்தாலும் எங்கட கிளிநொச்சி மாவட்டம் அளவுக்கு வராது, அதுக்குள்ள அறுபது இலட்சம் அளவில சனம்.

குறை இல்லாத ஊரெண்டு நான் சொல்லேல்ல. தமிழ்நாட்டில இருந்தும் வங்காளதேசத்தில இருந்தும் வந்து அந்தக் கட்டடங்களைக் கட்டுற பொடியளை லொறிக்குப் பின்னால ஏத்திக்கொண்டு போறதைக் கண்ணால கண்டன், மழையில நனைஞ்சுகொண்டு போனவை. பஸ்ஸில வீல்செயருக்கு இடம் விட்ட ஊருக்கு அந்தப் பிள்ளையளுக்கு ஒரு சீற் குடுக்கேலாதோ எண்டு மனம் நொந்தது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாப் பக்கம் போனா அவைதான் நிறைஞ்சு நிப்பினம், போனில தாயோட கதைச்சுக்கொண்டு. விருப்பப்பட்ட ஊர் எண்டதுக்காக அதை மறைச்சு எழுத எனக்கு மனமில்லை.

ஊருக்கு வந்து ரெண்டு கிழமையில ஒரு அலுவலா தம்பியை ஒரு கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனன். கையெழுத்து வைக்கவேண்டிய இடம் மேல்மாடி. ஆள் வரவேணும், மேல வந்தாத்தான் செய்யலாம் எண்டிட்டினம். முந்தியெண்டா ரெண்டு பேரைப் பிடிச்சுத் தூக்குவிச்சுப் போயிருப்பன். இந்த முறை தம்பி "தூக்க வேண்டாம்" எண்டான். கோபமாச் சொல்லேல்ல, அமைதியாத்தான் சொன்னான், நாங்கள் திரும்பி வந்திட்டம். அந்தக் கையெழுத்து இன்னும் வைக்கேல்ல.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் சும்மா இருக்கேல்ல. தெரிஞ்ச ஒருத்தரின்ர பஸ்ஸை மறிச்சு அளவு எடுத்தவன், உள்தட்டு நிலத்தில இருந்து மூண்டடி உயரம். அங்கத்தைய மாதிரிப் பலகை போட்டா ஏணி மாதிரித்தான் நிக்கும், சரிவராது. "பஸ்ஸைப் பதிக்க ஏலாட்டி நிலத்தை உயர்த்தலாம்தானே அக்கா" எண்டு சொல்லுறான். பஸ் நிக்கிற இடத்தில ஒரு பக்கம் மூண்டடிக்குத் திண்ணை மாதிரி ஒண்டு கட்டி, அதுக்கு ஏறச் சரிவு விட்டு, கதவுக்கும் திண்ணைக்கும் இடையில மாத்திரம் ஒரு பலகை போடுறது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் சரிவு விட்டாத்தான் வீல்செயரைத் தானே தள்ளி ஏறலாமாம், அப்ப மூண்டடிக்கு முப்பத்தாறு அடி. கொப்பியில படமும் கீறி வைச்சிருக்கிறான். பள்ளிக்கூடத்துக்குப் போற ஏலாத பிள்ளையள், கிளினிக்குக்குப் போற வயிற்றுப்பிள்ளைக்காரியள், கிழடுகட்டையள் எல்லாருக்கும் அது உதவும்.

பிரதேச சபையில இருக்கிற ஆராவது உங்கட பேப்பரில இதை வாசிச்சா எங்களுக்கு ஒரு இடத்தைக் காட்டட்டும். கல்லும் சீமெந்தும் சேக்க வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரரிட்ட நான் கேக்கிறன். மேசன் வேலைக்குக் கூலி வேண்டாமாம், கதிரையில இருந்தபடி தானே கட்டித் தருவனெண்டு தம்பி சொல்லச் சொன்னவன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.