நாலாம் பெட் அய்யாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்துதான் சொல்ல நினைத்தேன். எடுத்த இரண்டாவது நிமிஷமே தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். எனக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியது உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்லத் தெம்பில்லை. ரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினின் இறங்கிவிட்டது, அப்படியென்றால் சிறுநீரகம் வேலை செய்கிறது. சிறுநீர் நன்றாகப் போகிறது. இதைப் பொதுவில் எழுத வெட்கப்பட்ட காலமெல்லாம் போயே போய்விட்டது, அந்தப் பை நிரம்புவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் நர்ஸிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நிறையத் தண்ணி குடிங்க, மூணு லிட்டராவது போகணும்" என்றார் டாக்டர். மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸில் இருந்த காலமெல்லாம் ஒரு சின்ன பாட்டில் தண்ணீரை நாள் முழுக்கப் பங்கு வைத்து, மதுரை வெயிலில் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு கிடந்தவளிடம் இதைச் சொன்னால் எப்படி நம்புவது? திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

காய்களை நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு, வடித்து, கிட்னி கெட்டவர்களுக்கு ஆகாத பொட்டாசியத்தோடு ருசியும் போன அந்தக் கூட்டை என்னோடு சேர்ந்து தானும் சாப்பிட்ட அண்ணிக்கு, விடிவதற்கு முன்னால் வாசலில் வந்து நின்ற ஆட்டோ அண்ணனுக்கு, என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்த டீச்சர்களுக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் தாள்களைத் தூக்கிக்கொண்டு கவுண்டர் கவுண்டராக நின்ற தம்பிக்கு, டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா கையில் ஒரே குத்தில் ஊசி ஏற்றும் அந்த டெக்னீஷியன் பெண்ணுக்கு, எல்லோருக்கும் நன்றி. தன்னம்பிக்கை வீடியோக்களாக அனுப்பித் தள்ளியவர்களுக்கும்தான். பாதியைத் திறக்கவே இல்லை, ஆனால் அனுப்பத் தோன்றியதே.

இனி அய்யாவைப் பற்றி.

டயாலிசிஸ் வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். கையில் இரண்டு ஊசி, அந்தக் கையை அசைக்கக் கூடாது. எல்லாம் சரியாகப் போனால் அலுப்பு, போகாவிட்டால் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கும். முதல் சில மாதங்கள் நான் சுவரைப் பார்த்துத் திரும்பியே படுத்திருந்தேன். பக்கத்து நாலாம் பெட்டில் அவர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை முதலில் கண்ணை வாங்கியது, அப்புறம் கிட்னியை. ஒருநாள் மஞ்சப்பையிலிருந்து தினத்தந்தியை எடுத்து என் பக்கம் நீட்டச் சொல்லி நர்ஸிடம் கொடுத்தார். "தாயி, கன்னித்தீவு மட்டும் படிச்சுச் சொல்லு. படத்துல என்ன இருக்குன்னும் சொல்லணும்."

நோயாளியிடம் போய் வேலை சொல்கிறாரே என்று எரிச்சலாகத்தான் இருந்தது. அந்தப் பெரிய தாளை ஒற்றைக் கையால் நாலாக மடித்துப் பிடிப்பதே ஒரு வித்தை. படித்தேன். மூசாவின் முகம் எப்படி இருக்கிறது, லைலா எங்கே நிற்கிறாள், சிந்துபாத்தின் கையில் வாள் இருக்கிறதா, எல்லாம் கேட்டார். அடுத்த தடவை, இடையில் நான் வராத நாட்களின் பேப்பரும் பையில் இருந்தது. அதற்கடுத்த தடவை தங்கம் விலையும் மரண அறிவிப்பும் சேர்ந்துகொண்டன. 1960இல் தொடங்கிய தொடர் அது, என் அப்பா பையனாக இருந்தபோதே ஓடிக்கொண்டிருந்தது. "நம்ம டயாலிசிஸும் இதுவும் ஒண்ணுதான் தாயி, முடிவே கிடையாது, ஆனா நாளைக்கு என்னன்னு பாக்கணும்ல" என்று சொல்லிச் சிரிப்பார்.

எழுந்திருக்கவே பிடிக்காத காலைகள் நிறைய இருந்தன. மனதை உறுதியாக வைத்துக்கொள் என்று எல்லோரும் சொன்னீர்கள், எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவே இல்லை. அந்தக் காலைகளில் என்னை ஆட்டோவில் ஏற்றியது உறுதியெல்லாம் இல்லை, நான் போகாவிட்டால் அய்யாவுக்கு மூன்று நாள் பேப்பர் சேர்ந்துவிடும் என்ற கவலைதான். குணமாகப் போகிறேன் என்று நம்பாத நாளிலும் பேப்பர் படிக்க முடிந்தது. படிப்பதற்காகவாவது பிரஷர் இறங்காமல் இருக்கவேண்டுமே என்று உடம்பில் நீர் சேர்ந்து எடை ஏறாமல் தண்ணீரை அளந்து குடித்தேன், சேர்ந்த நீரை மெஷின் நிறைய இழுத்தால் பிரஷர் இறங்கிவிடும்.

வீட்டில் பேரன் தினமும் காலையில் பேப்பர் முழுவதையும் படித்துக் காட்டிவிடுவான் என்று அவர் மனைவி ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அய்யா உடனே, "அவன் படத்தைச் சொல்ல மாட்டான், கடகடன்னு ஓட்டுவான்" என்றார். எது நிஜமோ, நான் துருவவில்லை.

இப்போது நான் அந்த வார்டுக்குள் போகக் கூடாது, தொற்று பயம். அதனால் அவர் படுக்கும் நேரத்தில் ஃபோன் செய்கிறேன், ஸ்பீக்கரில் போட்டு வைக்கிறார்கள், மூன்றாம் பெட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் கல்லூரிப் பையனும் கேட்கிறானாம். கன்னித்தீவு முடியும்வரை படிப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆகவே ஆயுள் முழுக்க மாட்டிக்கொண்டேன்.

கடைசியாக எழுதுகிற நன்றிதான் பெரிய நன்றி, ஆனால் அதற்கு வார்த்தை வரவில்லை. சிறுநீரகம் கொடுத்த குடும்பத்தின் பெயரையோ ஊரையோ எனக்குச் சொல்ல மாட்டார்கள், விதி அப்படி. 2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றத்துப் பையன் ஹிதேந்திரனின் பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடுத்தபோது, செய்தியைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனவர்களில் நானும் ஒருத்தி. 2023 செப்டம்பரில் வந்த அறிவிப்புக்குப் பிறகு, கொடுப்பவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. நான் கண் விழித்த அன்று எங்கோ ஒரு வீட்டு வாசலில் அதிகாரிகள் மலர்வளையம் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் ஸ்வீட் கொடுத்தோம். இரண்டும் அடுத்தடுத்து நடந்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் பிடிபடவில்லை. அவர்கள் என்றாவது இதைப் படித்தால்: புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் இருக்கப் போடும் மாத்திரையை ஒரு வேளைகூட நேரம் தவறாமல் போடுகிறேன், உங்களவரைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

பார்க்க வருகிறேன் என்று கேட்டவர்களுக்கு, இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். வந்தே ஆகவேண்டும் என்றால் மாஸ்க் போட்டுக்கொண்டு வாருங்கள், பம்பளிமாஸ் மட்டும் வேண்டாம், மாத்திரைக்கு ஆகாது. லேசாகச் சளி பிடித்திருந்தாலும் கேட்டுக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டுப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.