அஹ்திசாரி பேச்சுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

ஹெல்சிங்கி நண்பர்களுக்கு வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதியும் சமரசத் தூதருமான மார்ட்டி அஹ்திசாரியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். விழுந்த கைதட்டலில் பாதிக்கு மேல் எனக்குச் சேராது. அதை உரியவர்களிடம் ஒப்படைத்துவிடுகிறேன்.

முதலில், நூலகத்தில் வேலை பார்க்கும் அக்கா. 'அதிசாரி' என்றே எழுதி வைத்திருந்தேன். "நடுவுல 'ஹ்' எங்கே போச்சு?" என்று பத்துத் தடவை சொல்ல வைத்தார். நல்லவேளை! நம் வைத்தியத்தில் அதிசாரம் என்றால் வயிற்றுப்போக்கு.

அடுத்து, எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக் கரேலியப் பாட்டி. அஹ்திசாரி 1937-ல் பிறந்த வீபுரி இன்று ரஷ்யாவில் இருக்கிறது. சோவியத் ஒன்றியத்துடன் நடந்த போரில் அவர் குடும்பமும் ஊரைவிட்டுக் கிளம்பியது. அந்த ஊர் இருக்கும் கரேலியப் பகுதியிலிருந்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வந்தவர்கள். என் குறிப்பில் இதற்கு ஒரே ஒரு வரி. பாட்டி ரை மாவை அப்பளம்போல் தேய்த்து, நடுவில் பால்சோறு வைத்து, ஓரத்தைச் சோமாசிக்கு மடிப்பதுபோல் கிள்ளிக் கிள்ளி மடித்துக்கொண்டே சொன்னார்: "அம்மா, அடுப்பை அணைச்சியான்னு ரயில்ல கேட்டுக்கிட்டே வந்தேன்." ஜனாதிபதி மாளிகையில் தொடங்கவிருந்த பேச்சை அந்த ரயிலில் தொடங்கினேன். 1994 முதல் 2000 வரை அவர் ஜனாதிபதியாக இருந்ததும், நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் இரண்டே நிமிடத்தில் முடிந்தன. யாரும் குறையாகச் சொல்லவில்லை.

மூன்றாவது, வரைவைப் படித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போட்ட அண்ணன். "தம்பி, இது பேச்சா, கும்பாபிஷேக மலரா? 1989 ஏப்ரல் 1 எங்கேப்பா?" திட்டு நியாயமானது. தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த நமீபியாவில் போர்நிறுத்தம் தொடங்கிய அன்றே, விடுதலைக்குப் போராடிய ஸ்வாப்போ இயக்கத்தின் போராளிகள் அங்கோலா எல்லையைத் தாண்டி வந்தார்கள். ஐ.நா. படை முழுதாக வந்து சேரவில்லை. தென்னாப்பிரிக்கப் படை முகாமைவிட்டு இறங்க, ஐ.நா. பிரதிநிதியாக அஹ்திசாரி சம்மதித்தார். சில நாட்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட போராளிகள் செத்தார்கள். நவம்பரில் தேர்தல் ஒழுங்காக நடந்து, 1990 மார்ச் 21-ல் நாடு விடுதலை பெற்றது உண்மை. அவருக்கு வேறு வழி இருந்ததா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் இதை முழுங்கிவிட்டு 2008-ல் அவர் வாங்கிய அமைதி நோபல் பரிசைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் எனக்கே கூசியிருக்கும்.

ஹெல்சிங்கியை அடுத்த வண்டாவிலுள்ள கோனிக்ஸ்டெட் மாளிகைக்குப் பனியில் கார் ஓட்டி வந்த தம்பிக்குத் தனி நன்றி. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தேதான் வந்தான். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் 1976-ல் மூண்ட சண்டையைப் பேசித் தீர்க்க அந்நாட்டு அரசையும் போராளிகளையும் அஹ்திசாரி 2005-ல் உட்கார வைத்த இடம். ஐந்து சுற்றுப் பேச்சு. ஆகஸ்ட் 15-ல் கையெழுத்து. நாங்கள் வெளியே நின்று ஃப்ளாஸ்க் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

வடை சுட்டவர்கள், நாற்காலி அடுக்கியவர்கள், புரொஜெக்டர் மக்கர் செய்தபோது ஓடி வந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.

பாட்டி கூட்டத்துக்கென்று பையில் கொடுத்தனுப்பிய அந்த ரை மாப் பலகாரத்தில் நாலைந்து மிச்சம் என் ஃப்ரீசரில் இருக்கிறது. கேட்டவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மேலே தடவ முட்டை வெண்ணெய் மட்டும் உங்கள் பொறுப்பு.