ரேங்க் கார்டு கொடுக்கும் நாளில் பிள்ளையை முதலில் பேச விடுங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கு,

வணக்கம்.

ஏழாம் வகுப்பில் ஒரு மகளும் பத்தாம் வகுப்பில் ஒரு மகனும் படிக்கிற தாய் நான். காலாண்டு முடிந்தால் ஒன்று, அரையாண்டு முடிந்தால் ஒன்று என்று பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறீர்கள். நாங்களும் வருகிறோம். அந்தக் கூட்டம் நடக்கும் விதத்தை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இதென்ன பெரிய விஷயமா என்று தோன்றலாம். எனக்கு இது பெரிய விஷயம்தான். ஒரு பிள்ளையின் தன்னம்பிக்கை, படிப்பின் மேல் அதற்கு இருக்கும் ஆசை, மனசில் உள்ளதை வீட்டில் சொல்லலாம் என்கிற தைரியம் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் அடிபடுவதைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வகுப்பாசிரியர் மேசையில் மார்க் ரெஜிஸ்டர் விரிந்திருக்கும். எதிரே அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்திருப்பார். பிள்ளை பக்கத்தில் நிற்கும். அதற்கு நாற்காலி கிடையாது. "மேத்ஸ்ல வீக்கா இருக்கான்", "கிளாஸ்ல ஓயாம பேசுறா" என்று ஆசிரியர் சொல்லி முடித்ததும் பெற்றோர் ஆரம்பிப்பார்கள். "வீட்லயும் புத்தகத்தைத் தொடவே மாட்டேங்குறான் சார், எப்பப் பாரு ஃபோன்தான். கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க, ஏன்னு கேட்க மாட்டேன்." பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் அத்தனை பேரும், அவர்கள் பிள்ளைகளும், இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பெரியவர்கள் இருவரும் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர, பிள்ளையிடம் பேசுவதில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி வரும்: "இனிமே ஒழுங்கா படிப்பியா?" தலையாட்டுவதைத் தவிர அந்தக் கேள்விக்கு வேறு பதில் இல்லை.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனதால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆசிரியர்களுக்கு இது தெரியும். ஆனால் அடிக்கச் சொல்லி அனுமதி கொடுக்கிற பெற்றோரிடம், "அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சும்மா பேச்சுக்குச் சொல்வதுதானே என்பீர்கள். பிள்ளை அதைப் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை. தனக்காகப் பேச வேண்டிய ஆளே எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டார் என்றுதான் எடுத்துக்கொள்கிறது.

அதற்குப் பிறகு நடப்பது எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளைகள் மறைக்கப் பழகுகிறார்கள். அப்பா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து ரேங்க் கார்டு பையிலிருந்து வெளியே வரும். காலையில் வேன் வருகிற நேரத்தில், அம்மா அடுப்படியில் தோசைக் கரண்டியோடு நிற்கும்போது, "இங்க ஒரு சைன் போடும்மா" என்று நீட்டப்படும். அப்பாவின் கையெழுத்தை அச்சு அசலாகப் போடப் பழகிய பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. மார்க்கை மறைக்கப் பழகிய பிள்ளை, பள்ளியில் தன்னை ஒருவன் தினமும் சீண்டுவதையும் மறைக்கும், வேனில் நடக்கிற தப்பையும் மறைக்கும். எனக்குப் பயம் அங்கேதான். குறைந்த மார்க்கையே சொல்ல முடியாத வீட்டில் வேறு எதைச் சொல்ல முடியும்?

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் கூட்டம் நல்லது செய்வதில்லை. "இவளுக்கு என்ன சார், இயற்கையிலேயே மூளை" என்று வரிசை முழுக்கக் கேட்கப் புகழ்கிறோம். 1998-ல் உளவியல் ஆய்வாளர்களான கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளை வெளியிட்டார்கள். புதிர்களைச் சரியாகப் போட்ட பிள்ளைகளில் ஒரு பகுதியினரை "நீ புத்திசாலி" என்றும், இன்னொரு பகுதியினரை "நல்லா உழைச்சிருக்கே" என்றும் பாராட்டினார்கள். பிறகு கஷ்டமான புதிர்கள் வந்தபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள்தான் சீக்கிரம் துவண்டார்கள். அடுத்துக் கொடுத்த எளிய புதிர்களிலும் முன்பைவிடக் குறைவாக எடுத்தார்கள். வேறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதிச் சொல்லும்போது, கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். ஒரு ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது, சரி. ஆனால் திட்டு வாங்கும் பிள்ளையும் புகழ் வாங்கும் பிள்ளையும் ஒரே இடத்துக்கு, அதாவது மார்க்கை மறைக்கிற இடத்துக்கு, வந்து சேர்வதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அப்புறம் பரிசு. "தொண்ணூறு எடுத்தா சைக்கிள், தொண்ணூத்தஞ்சு எடுத்தா ஃபோன்" என்று பேரம் பேசாத வீடு குறைவு. 1973-ல் வெளியான லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோரின் ஆய்வில், படம் வரைய ஆசைப்பட்ட மழலையர் பள்ளிக் குழந்தைகள் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொடுக்கவும் செய்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே ஸ்கெட்ச் பேனாக்களைச் சும்மா வைத்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. படிக்கச் சொல்லிப் பேரம் பேசுவதற்கு முன்னால் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். கூட்டத்தில் பிள்ளைக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். முதலில் பிள்ளை பேசட்டும். எந்தப் பாடம் பிடித்தது, எது புரியவில்லை, வீட்டிலும் பள்ளியிலும் என்ன உதவி வேண்டும் என்று அதன் வாயாலேயே சொல்லட்டும். ரேங்க் கார்டுக்குப் பதில் விடைத்தாளை மேசையில் வையுங்கள். 42 என்ற எண்ணைப் பார்த்தால் எந்த அம்மாவுக்கும் கோபம்தான் வரும். விடைத்தாளைப் பார்த்தால், வடிவியல் முழுக்கச் சரியாக இருக்கிறது, பின்னக் கணக்குகள் மட்டும்தான் தப்பாகியிருக்கின்றன என்று தெரியும். "பின்னம்னா பயமா இருக்கும்மா" என்று பிள்ளை சொல்லும். அடுத்து என்ன செய்வது என்று மூன்று பேரும் சேர்ந்து பேச ஒரு விஷயம் கிடைத்துவிடும். பிள்ளையே தன் படிப்பைப் பெற்றோருக்கு விளக்குகிற கூட்டங்கள் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாடுகளில் பல பள்ளிகளில் நடக்கின்றன. நம் பிள்ளைகளும் பேசுவார்கள். முதல் தடவை திக்குவார்கள், அடுத்த தடவை பழகிவிடும்.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். ஒரே நாளில் எல்லாரையும் வரிசையில் நிறுத்த வேண்டாமே. நான்கு நாள், நாளைக்குப் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு நேரம் என்று குறித்துக் கொடுக்கலாம். மாலையிலும் சில நேரம் ஒதுக்குங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கோ சிவகாசியில் தீப்பெட்டி வேலைக்கோ போகிறவர்கள் காலை பதினோரு மணிக் கூட்டத்துக்கு வந்தால் அரை நாள் கூலி போய்விடும். அந்த எரிச்சலும் பிள்ளை மேல்தான் இறங்கும். பெரும்பாலும் அம்மாக்களே வருகிறோம். அப்பாக்களையும் பெயர் சொல்லி அழையுங்கள். மற்றவர் காதில் விழாத தூரத்தில் வரிசை நிற்கட்டும். 2017-ல் பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசே நிறுத்திவிட்டது. வகுப்பறைக்குள் மட்டும் அந்த ஒப்பீடு ஏன் தொடர வேண்டும்?

செல்லம் கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள். கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்பதரைக்கு ஃபோனை வைத்துவிட வேண்டும் என்றால் வைத்துவிடத்தான் வேண்டும். 1960-களில் உளவியல் ஆய்வாளர் டயானா பாம்ரிண்ட் கலிஃபோர்னியாவில் குழந்தைகளையும் பெற்றோரையும் கவனித்து எழுதியதும் இதைத்தான். வெறும் கண்டிப்பு உள்ள வீட்டுப் பிள்ளைகளையும் கேட்டதையெல்லாம் விட்டுக்கொடுக்கிற வீட்டுப் பிள்ளைகளையும்விட, பாசமும் கண்டிப்பும் சேர்ந்திருந்து காரணமும் சொல்லப்படுகிற வீட்டுப் பிள்ளைகள் தன் காலில் நிற்கிறவர்களாகவும் தைரியமாகவும் இருந்தார்கள். காரணம் சொல்வது என்பதைத்தான் நாம் எப்போதும் விட்டுவிடுகிறோம்.

பள்ளி கையில் இருக்கிற இன்னொரு விஷயம் புராஜெக்ட். அறிவியல் கண்காட்சிக்கு வருகிற தெர்மாகோல் எரிமலையையும் சூரியக் குடும்பத்தையும் பார்த்தாலே, முந்தின நாள் இரவு பன்னிரண்டு மணிவரை அப்பா உட்கார்ந்து வெட்டியது என்று தெரியும். சிலவற்றை ஸ்டேஷனரி கடைகளே செய்து விற்கின்றன. பரிசு அதற்குத்தான் போகிறது. கோணல்மாணலாகத் தானே ஒட்டிக் கொண்டுவந்த பிள்ளை ஓரமாக நிற்கிறது. தன்னம்பிக்கையை எந்தப் பேச்சாலும் ஊட்ட முடியாது. தன் கையால் ஒன்றைச் செய்து, அது கெட்டு, திரும்பச் செய்து, கடைசியில் ஒப்பேறும்போதுதான் அது வரும். புராஜெக்ட்டை வகுப்பறையிலேயே செய்ய வையுங்கள். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிவருவது போன்ற வேலைகளைப் பிள்ளைகளிடம் விடும்படி எங்களுக்கும் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளையை எதற்கு வேலை வாங்குவது என்று எல்லாவற்றையும் நாங்களே செய்துவிடுகிறோம்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவை இன்னும் உண்டு. பள்ளி விட்டு வருகிற பிள்ளையிடம் நாங்கள் கேட்பதெல்லாம் "சாப்பிட்டியா? ஹோம்வொர்க் இருக்கா?" இவை இரண்டும்தான். தோழி பேசவில்லை என்று அழுதால், "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்கிறோம்; பையன் அழுதால் "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்கிறோம். "வருத்தமாத்தான் இருக்கும், என்ன நடந்துச்சு சொல்லு" என்று கேட்டுவிட்டு, புத்தி சொல்லாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாம் என்று எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் நீங்கள் போடுகிற வினா வங்கிப் புத்தகத்தை நம்பித்தான் எத்தனையோ வீடுகளில் பரீட்சைக்குத் தயாராகிறார்கள். பி.டி.ஏ. புத்தகம் என்றாலே ஒரு மரியாதை இருக்கிறது. அதில் பெற்றோருக்கென்று நான்கு பக்கம் சேருங்கள். தேர்வு மாதங்களில் வீட்டில் எப்படிப் பேசுவது, தூக்கம் ஏன் முக்கியம், மார்க் குறைந்து வந்த அன்று என்ன சொல்லக்கூடாது என்று எளிய தமிழில் எழுதுங்கள். ரேங்க் கார்டில் பெற்றோர் கையெழுத்துப் போடும் கட்டத்துக்குக் கீழே மனநல ஆலோசனைக்கான 14416, குழந்தைகள் உதவிக்கான 1098 ஆகிய எண்களை அச்சிடுங்கள். அந்தக் கட்டத்தைப் பார்க்காத பெற்றோரும் இல்லை, பிள்ளையும் இல்லை.

எல்லா வகுப்புக்கும் ஒரேயடியாகக் கேட்கவில்லை. ஆறாம் வகுப்பில் தொடங்குங்கள். தொடக்கப்பள்ளி முடித்துப் புதிதாக வருகிற பிள்ளைகள், புதிதாக வருகிற பெற்றோர்; பழைய பழக்கம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் நடக்கும் கூட்டத்திலேயே செய்து பார்க்கலாம். பெற்றோருக்கு நேரம் குறித்துக் கொடுப்பது, ஃபோன் செய்து நினைவூட்டுவது, நாற்காலி போடுவது போன்ற வேலைகளை ஆசிரியர்கள் தலையில் கட்ட வேண்டாம். அந்தந்த வகுப்புப் பெற்றோரில் நான்கு பேர் போதும். எங்கள் பள்ளியில் அந்த நான்கு பேரில் ஒருத்தியாக நான் வருகிறேன். டிசம்பர் கழகக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு பெற்றோர் உறுப்பினர்