எந்த மாதமும் போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைச் சிறப்பிதழில் வந்த இந்தியாவின் இயற்கை அதிசயங்கள் பத்து பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. தாளும் அருமை. கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரிதான் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது: "இந்த இடங்களுக்கு ஆண்டின் எந்த மாதத்திலும் சென்று கண்டு மகிழலாம்."

எந்த மாதத்திலுமா? உங்கள் பத்தில் ஒன்று உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு. அது ஜூனில் திறந்து அக்டோபர் இறுதியில் மூடப்படும், மிச்ச மாதங்களில் பனி மூடிக் கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. திறந்த உடனே ஓடினாலும் பூக்கள் முழுசாக வந்திருக்காது. ஜூலை, ஆகஸ்ட் மழைதான் அவற்றைக் கொண்டுவரும். உங்கள் சிறப்பிதழ் கடைக்கு வந்ததோ ஏப்ரல் கடைசியில். அதை நம்பி மே மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்கு நடை தொடங்கும் கோவிந்த்காட் வரை போய் நிற்கும் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? கட்டுரையாளரா, நீங்களா?

பட்டவள் என்பதால் கேட்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு மே மாத இதழின் அட்டையில் கர்நாடகத்தின் ஜோக் அருவியைப் போட்டிருந்தீர்கள். ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நான்கு பிரிவாக, வெள்ளை வெளேரென்று 253 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் படம். உள்ளே "பள்ளி விடுமுறைக்கு ஏற்ற இடம்" என்றும் எழுதியிருந்தது. வீட்டில் எல்லோரும் கிளம்பிவிட்டோம். தாளகுப்பாவில் ரயிலை விட்டு இறங்கி, வண்டி பிடித்து, வியர்வை வழிய எட்டிப் பார்த்தால் எதிரே கறுத்த பாறைச் சுவர். அதில் ஒரு ஓரமாக, குழாயைச் சரியாக மூடாமல் விட்டதுபோல ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது. அதுதான் ராஜாவாம்! ராணியைக் காணவில்லை. என் நாத்தனார் பையிலிருந்து உங்கள் இதழை எடுத்து நீட்டி, "அண்ணி, இந்த அட்டைப்படத்தைக் கொஞ்சம் அருவிக்கு எதிரே பிடிங்க, பழைய ஞாபகம் வரட்டும்" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே டீக்கடைக்காரர் பாதித் தமிழில் விளக்கினார். அருவிக்கு வரும் ஷராவதி ஆற்றின் மேல்பக்கம் 1964இல் லிங்கனமக்கி அணை கட்டியதிலிருந்து தண்ணீர் முதலில் மின்சாரத்துக்குத்தான் போகிறது. நல்ல மழை பெய்து, அணையும் நிறைந்து, மதகைத் திறந்தால்தான் ஜோக் பழைய ஜோக். "ஆகஸ்ட்ல வாங்கம்மா" என்றார். உங்கள் கட்டுரையாளர் நாலு பக்கத்தில் சொல்லாததை அவர் டீ ஆற்றிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டார்.

பிறகு ஓர் ஆகஸ்டில் போனோம். அப்போதும் நேரே போய்ப் பார்த்துவிட முடியவில்லை. பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. காதைப் பிளக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது, கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றிருந்தோம். திடீரென்று காற்று ஒரு பக்கம் தள்ள, நான்கும் சேர்ந்து தெரிந்தன. "தெரியுது, தெரியுது!" என்று யாரோ கத்துவதற்குள் மறுபடியும் மூடிக்கொண்டது. அங்கே போகிறவர்கள் கையில் நேரம் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று எந்தக் கட்டுரையிலும் நீங்கள் போட்டதில்லை.

மே மாதப் பயணம் முடிந்து வந்ததும் உங்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். அதில் "அட்டைப்படம் கண்ணைப் பறித்தது" என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டுப் பெருமைப்படுத்தினீர்கள். இந்த முறை வெட்டியே ஆக வேண்டும் என்றால் தயவுசெய்து முதல் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள்.

சரி, இந்த இதழுக்கே வருகிறேன். மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரியை "இளஞ்சிவப்பு ஏரி" என்று எழுதி, அதே நிறத்தில் படமும் போட்டிருக்கிறீர்கள். எரிமலைப் பாறையில் விண்கல் விழுந்து உண்டான, ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர் அகலப் பள்ளம் அது. அதை விடப் பெரிய அதிசயம் வேண்டுமா? உங்களுக்கு வேண்டியிருக்கிறது. 2020 ஜூனில் தண்ணீர் வற்றி உப்பு ஏறியபோது, உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகி ஏரி சிவந்தது. மழைத் தண்ணீர் சேர்ந்ததும் தெளிந்துவிட்டது. நாங்கள் போனபோது பச்சையாகத்தான் இருந்தது. கூட வந்த ஒரு தம்பதி, "சிவப்பு எங்கே?" என்று காவலாளியிடம் சண்டைக்கே போய்விட்டார்கள். கரையில் இடிந்து நிற்கும் பழைய கோயில்களை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொன்று. "மேகாலயாவில் மாலை 5 மணிக்கு நோகாலிகாய் அருவியில் சூரிய அஸ்தமனம் காணலாம்" என்று நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறீர்களே, எந்த மாதத்துக்கு? டிசம்பரில் அந்த அருவி இருக்கும் சிரபுஞ்சியில் 5 மணிக்கு விளக்குப் போட்டுவிடுவார்கள். சூரியன் நாலரையை ஒட்டியே மறைந்துவிடும். அதே நாளில் குஜராத்தின் கட்ச் உப்பு வெளியில் 6 மணி தாண்டியும் வெயில் இருக்கும். கடிகாரம் ஒன்றுதான், தேசம் அவ்வளவு அகலம். புவியியல் வகுப்பில் ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 4 நிமிடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவள் நான். இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள 22 பாகைக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த அருவியும் மழையை நம்பிய அருவிதான். குளிர்காலத்தில் மெலிந்துவிடும் என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

கட்ச் உப்பு வெளி மழைக்காலத்தில் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். மத்தியப் பிரதேசத்தின் பேடாகாட்டில் நர்மதை பெருகினால் சலவைக்கல் பாறைகளுக்கு நடுவே படகு விடமாட்டார்கள். ஒடிசாவின் சாந்திப்பூரில் கடல் பல கிலோமீட்டர் பின்வாங்குவதைப் பார்க்க மாதம் மட்டும் தெரிந்தால் போதாது, அன்றைய ஓத நேரமும், அதாவது கடல் ஏறி இறங்கும் நேரமும், தெரிய வேண்டும். உங்கள் கட்டுரையோ "மாலையில் செல்லவும்" என்கிறது. ஓதம் தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும் ஐயா, அது உங்கள் அச்சுக்கூட நேரத்தைப் பார்த்து வருவதில்லை.

இவ்வளவையும் 15 நாளில் "ஒரே மூச்சில்" பார்க்க ஒரு பயணத் திட்டம் வேறு, கட்டம் கட்டி. கட்ச் பக்கத்துப் பூஜிலிருந்து மேகாலயாவுக்குப் போகும் வழியில் உள்ள குவாஹாட்டிக்கு வரைபடத்தில் நேர்க்கோடு போட்டாலே 2000 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. இதில் லோனாருக்கு அரை நாள், ஜோக்குக்கு இரண்டு மணி நேரம். முழங்கால் வலிக்காரர்கள் யாரும் உங்கள் இதழைப் படிப்பதில்லை என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. மேகாலயாவின் இரண்டடுக்கு வேர்ப் பாலத்துக்கு 3000 படிகளுக்கு மேல் இறங்கி, அதே படிகளில் ஏறியும் வர வேண்டும். அதைக் "குறுகிய நடை" என்று எழுதியவர் மேலேயே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

பத்தில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை என்பதையும் கவனித்தேன். பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளியம்மனைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. அதே ஊரில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அங்கே எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் கல்லாகிப் போன ஒரே அடிமரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. கடல் அங்கே இருந்த காலத்து மரம். இந்த இரண்டு இடங்களைப் பற்றி உங்களுக்கு எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. விமானம் ஏறிப் போனால்தான் அதிசயம் என்று ஆசிரியர் குழுவில் முடிவு எடுத்திருந்தால் அதையாவது ஒரு அறிவிப்பாகப் போட்டுவிடுங்கள், நாங்கள் தபால் செலவை மிச்சம் பிடிப்போம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு பயணக் கட்டுரையின் கீழும் இரண்டு வரி: கட்டுரையாளர் எந்த மாதம் போனார், படம் எந்த மாதம் எடுத்தது. போகவே இல்லை என்றால் அதையும் போடலாம், தப்பில்லை. அடுத்து உங்கள் மழைக்கால இதழ் வரும். வழக்கம்போல ஒகேனக்கல்லைப் போடுவீர்கள். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள் என்பதைப் படத்துக்குக் கீழே, கண்ணில் படும் எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் சந்தாதாரர்,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை