பந்தலூர், சேரம்பாடி தோட்டத்துப் பெரியவர்களுக்கு நன்றி மடல்

நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் பக்கத்து டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பாய் விரித்து உட்காரவைத்து எங்களோடு பேசிய தாத்தாக்கள், பாட்டிமார், அக்காமார் எல்லோருக்கும் பி.எட். மாணவர்களாகிய எங்கள் வணக்கமும் நன்றியும்.

"வாத்தியார் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நாங்க இலங்கையில இருந்து கப்பலேறி வந்த கதை எதுக்கு?" என்று பலரும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் 'குடும்ப மரம் வரைந்து வா' என்று சொல்லிவிடுவது ஆசிரியருக்குச் சுலபம். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு என்று ஆன வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பேரப்பிள்ளை வரையும் மரத்தில் ஒரு பக்கக் கிளை இலங்கையின் அட்டனிலேயே நின்றுபோகும். விவரம் தெரியாத ஆசிரியர் 'முழுமையாக இல்லை' என்று மதிப்பெண்ணைக் குறைப்பார். சொந்த ஊர் எது என்ற கேள்விக்கும் அதே கதிதான். கொள்ளுத்தாத்தா புறப்பட்ட புதுக்கோட்டைக் கிராமம், தாத்தா பிறந்த இலங்கை மலையகத் தோட்டம், பிள்ளை பிறந்த பந்தலூர் ஆகிய மூன்றுமே சரியான விடைகள். இதைத் தெரிந்துகொண்டு வகுப்புக்குள் போகத்தான் உங்களிடம் வந்தோம்.

எப்படிக் கேட்பது என்பதையும் நீங்களே சொல்லித்தந்தீர்கள். அதற்குத்தான் பெரிய நன்றி. "ஏன் வந்தீங்க?" என்று தொடங்கினால் அது விசாரணை போலாகிவிடும், பதிலும் ஒரு வரியில் முடிந்துவிடும். "பெரட்டு எத்தனை மணிக்கு? கங்காணி யாரு? லயத்தில எத்தனாவது வீடு?" என்று தோட்டத்துக் காலைப் பெரட்டிலிருந்து (வேலைக்கு ஆள் கூடுவது) தொடங்கினால் பேச்சு தானாகவே தலைமன்னார் துறைமுகத்துக்குப் போன ஒப்பாரிக் கோச்சிக்கும் (உறவுகள் அழுது வழியனுப்பிய ரயில்) இராமேசுவரம் கப்பலுக்கும் வந்து இறங்கியவர்கள் தங்கிய மண்டபம் முகாமுக்கும் வந்து சேரும். ஆண்டு கேட்டால் தடுமாற்றம்தான். "கப்பலேறும்போது மூத்த பிள்ளை நடந்ததா, இடுப்பில் இருந்ததா?" என்று கேட்டால் கணக்கு பிடிபடும். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலுக்கு முன்னா பின்னா என்பது ஒரு எல்லை. 1984-இல் கப்பல் நின்றது மறு எல்லை. முகாமில் தந்த குடும்ப அட்டையில் வேறு ஆண்டு இருந்தால் சொன்னவரைத் திருத்தக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும், அட்டை எழுதிய குமாஸ்தாவும் மனிதர்தானே.

ஒலிப்பதிவுக்கு இடம் ஒதுக்கித்தந்த பேரப்பிள்ளைகளுக்கு இன்னொரு நன்றி. தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சில் ஒரு சொல்லும் தேறாது. குக்கர் விசிலும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் அடுத்த எதிரிகள். பேசுபவரிடமிருந்து ஒரு முழ தூரத்தில், மடித்த துண்டின்மேல், ஃபிளைட் மோடில் போனை வைத்தால் குரல் தெளிவாக விழும். சுருக்காத ஒற்றைத் தட ஒலிக்கோப்பு ஒரு மணி நேரத்துக்கு 300 எம்பிக்குக் கொஞ்சம் மேலே போகும். அதனால் போனில் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை எழுத்தில் இறக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அம்மா பேச வேண்டிய இடத்தில் மகன் புகுந்து பேசுவது எல்லா வீட்டிலும் நடப்பது. அந்த மகன்களைக் கடைக்கு அனுப்பிவைத்த மருமகள்களின் சாமர்த்தியத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது!

தொழிற்சங்கத்து ஐயாமார் முன்னால் வந்து அறிமுகம் செய்திராவிட்டால் எதுவும் நடந்திருக்காது. ஓய்வுபெற்றவர்களை வீட்டைக் காலிசெய்யச் சொல்கிற பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் தோட்டத்தில், நோட்டும் பேனாவுமாக ஆள் வந்தால் சந்தேகம் வராமலா இருக்கும்? பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் கையிலிருந்து வாங்காமல், வீட்டுக்காரர் கண்முன்னே பாயில் வைத்தபடியே படம் எடுக்க வேண்டும் என்று சொன்னதும் அவர்கள்தான். சம்மதத்தை இரண்டு முறை கேட்கச் சொன்னதும் அவர்களே: பேசும் முன் ஒருமுறை, பேசி முடித்த பின் ஒருமுறை. 'இதப் போடாதீங்க' என்று மனசு சொல்வது பேசி முடித்த பிறகுதான். அப்படிச் சொன்ன பகுதிகளை மூலப் பதிவிலிருந்தே நீக்கிவிட்டோம்.

வகுப்புக்கு எடுத்துப்போவது பெயரில்லாத சிறு துண்டுகள் மட்டுமே, அதுவும் நீங்கள் சம்மதித்தவை. எந்தப் பிள்ளையையும் எழுப்பி 'உன் தாத்தா கதையைச் சொல்' என்று கேட்க மாட்டோம். தானாகச் சொல்ல வந்தால் கேட்போம்.

உங்கள் குரல் பதிவும் ஆவணப் படங்களும் அடங்கிய மெமரி கார்டும், பெரிய எழுத்தில் அச்சிட்ட பிரதியும் வீடு வீடாக வந்து சேரும். கண் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் படித்துக்காட்டட்டும். தோட்டத்தின் பெயரோ ஆளின் பெயரோ பிழையாக இருந்தால் பிரதியிலேயே பேனாவால் அடித்து எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், திருத்திப் புதிய பிரதி தருகிறோம்.