கிளேர் எப்படி இறந்தாள்? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆங்கிலப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

முதுகலை அமெரிக்க இலக்கியத் தாளில் நெல்லா லார்சனின் ‘பாஸிங்’ நாவலை நீங்கள் சேர்த்தபோது, அதை வகுப்பில் நடத்துகிற எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. போன பருவத் தேர்வில் வந்த ஒரு மதிப்பெண் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. கிளேர் கெண்ட்ரி எப்படி இறக்கிறாள் என்று கேட்டு, நான்கு விடைகள் கொடுத்திருந்தீர்கள். ‘தற்கொலை’தான் சரி என்கிறது உங்கள் விடைக்குறிப்பு.

நாவலில் அப்படி எங்கே இருக்கிறது?

நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் ஒரு விருந்து. கறுப்பினத்தவள் என்பதை மறைத்து வெள்ளையனை மணந்துகொண்ட கிளேர், திறந்த ஜன்னலோரம் நிற்கிறாள். உண்மை தெரிந்துபோன கணவன் பெல்யூ கத்திக்கொண்டே உள்ளே வருகிறான். தோழி ஐரீன் ஓடிப்போய் அவள் கைமேல் கை வைக்கிறாள். அடுத்த நொடி கிளேர் அங்கே இல்லை. ஐரீன் தள்ளினாளா, கிளேர் தவறி விழுந்தாளா, தானே குதித்தாளா, லார்சன் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் “விழுந்துவிட்டாள்” என்கிறாள் ஐரீன். தன் கணவனுக்கும் கிளேருக்கும் தொடர்பு என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தவள் அவள். அவள் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் நாவலின் உயிரே இருக்கிறது. கடைசிப் பத்தியில் வரும் பெயர் தெரியாத ஆளும் ‘விபத்து என்றே நினைக்கிறேன்’ என்கிறான்; இன்னொரு முறை ஜன்னலைப் பார்க்கலாம் என்கிறான். 1929-இல் வந்த முதல் பதிப்பின் மூன்றாம் அச்சில் அந்தப் பத்தியே காணாமல் போனதால், இன்றைய பதிப்புகள்கூட ஒரே இடத்தில் முடிவதில்லை. உங்கள் விடைக்குறிப்புக்கு மட்டும் எப்படிச் சந்தேகமே வரவில்லை?

என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூலகத்தில் பிரதி கிடையாது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த தாள்களில், மங்கிப்போன வரிகளைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டு முழு நாவலையும் படித்தாள். பெல்யூ தன் மனைவியை ‘நிக்’ என்று, கறுப்பரை இழிவாகச் சொல்லும் வார்த்தையைச் சுருக்கிச் செல்லமாகக் கூப்பிட்டு, என் குடும்பத்தில் கறுப்பர் கிடையாது என்று சிரிக்கிறானே, அப்போது அவன் எதிரே இருக்கும் மூன்று பெண்களுமே கறுப்பினத்தவர்கள். அந்தத் தேநீர்க் காட்சியை அவள் வகுப்பில் விளக்கியபோது ஒருவரும் அசையவில்லை. தேர்வில் ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்ற விடையைக் குறித்தாள். மதிப்பெண் போனது. கைடை மனப்பாடம் செய்தவர்களுக்குக் கிடைத்தது. பணம் கட்டி மறுமதிப்பீடு கேட்டாள்; ‘மாற்றம் இல்லை’ என்று பதில் வந்தது. விடைக்குறிப்பே தவறாக இருக்கும்போது வேறென்ன வரும்?

விடைக்குறிப்பைத் திருத்துங்கள். ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று குறித்த எல்லோருக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

இந்த ஒரு கேள்வியோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. அமெரிக்காவில் உண்மையாகவே நடந்த ரைன்லாண்டர் வழக்கை நாவலில் ஐரீன் நினைத்துப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. தன் இனத்தை மறைத்து ஏமாற்றிவிட்டாள் என்று கணவன் போட்ட வழக்கில், 1925-இல் ஆலிஸ் என்ற பெண் நடுவர்கள் முன்னால் ஆடையை விலக்கித் தோலைக் காட்ட வேண்டிவந்தது. இதைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டிருந்தால் பிள்ளைகள் யோசித்து எழுதியிருப்பார்கள். வெள்ளைக்காரக் குடும்பத்தில் தான் மட்டும் நிறம் வேறாக வளர்ந்தவர் லார்சன். அவர் எழுதியதைக் கைடு வழியாகவே படித்துத் தேர்ச்சி பெறலாம் என்ற நிலையை உண்டாக்கியது நாம்தான். எனக்கு ஆத்திரம் அதில்தான்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். லார்சன் இறந்தது 1964-இல். நம் சட்டப்படி அறுபது ஆண்டு முடிந்து, நாவலின் காப்புரிமை 2024-ஓடு தீர்ந்துவிட்டது. சின்ன நாவல்தான். கடைசிப் பத்தியைச் சேர்த்தும், அது விடுபட்டதைக் குறிப்பிட்டும் நீங்களே மலிவு விலையில் அச்சிட்டுத் தரலாம்.

அதற்கு நாளாகட்டும், பரவாயில்லை. விடைக்குறிப்பை அடுத்த பருவத் தேர்வுக்கு முன்பாவது திருத்தித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில விரிவுரையாளர்